நுளம்புக்கு முகம் கீறியவர்கள்

இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சுகாதாரப் போஸ்டர்களைத் தூசு தட்டி எடுத்துப் பகிர்வது இப்போது எங்கட வட்டங்களில் ஒரு ரசனையாகிவிட்டது. பழுத்த மஞ்சள் நிறம், தடித்த எழுத்து, நடுவில் ஒரு முகம். கீழே "என்ன வடிவான டிசைன்", "அந்தக் காலத்துக் கை" எண்டு இதயங்கள் குவியுது. டிசைன் படிக்கிற பெடியள் அதே பாணியில் டெங்குப் போஸ்டர் செய்து பார்க்கினம்.

அந்த ரசனையைக் கொஞ்சம் குழப்பத்தான் இதை எழுதுறம்.

அந்தப் போஸ்டர்கள் கையைக் கழுவு, குளிசையைப் போடு, நுளம்புவலையைக் கட்டு எண்டு சொல்லுது. உண்மைதான். ஆனால் அதோட சேர்த்து இன்னொண்டையும் சொல்லுது: உனக்கு நோய் வந்தால் அது ஆரால வந்தது எண்டு. அந்த ஆள் ஒருநாளும் சிப்பாயைச் சேற்றுக்குள் இறக்கிவிட்ட தளபதி இல்லை. தெருவில் நிற்கிற பெண், எதிரி நாட்டுக்காரன், பக்கத்தில் இருக்கிற வேறு சனம், இல்லாட்டி அந்தச் சிப்பாயின் சொந்தக் கவலையீனம். பழி எப்பவும் கீழ்நோக்கியே ஓடும். வடிவான எழுத்துரு அந்த ஓட்டத்துக்கு வெட்டின வாய்க்கால்.

பெண்களிலிருந்து தொடங்குவம். அமெரிக்கப் போஸ்டர் ஒன்று கனபேர் பார்த்திருப்பீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை மாதிரி ஒரு இளம் பெண் சிரிச்சுக்கொண்டு நிற்கிறாள். பார்க்கச் சுத்தமாகத்தான் இருப்பாள், ஆனால்... எண்டு தலைப்பு இழுக்குது. பாலியல் நோய் வந்தால் நீ அச்சு நாடுகளை வெல்ல ஏலாது எண்டு கீழே சொல்லுது. பிரித்தானியாவில் ரெஜினால்ட் மவுண்ட் 1943-44 காலத்தில் செய்த போஸ்டர் இன்னும் ஒரு படி மேல். பூ வைத்த தொப்பி போட்ட ஒரு மண்டையோடு, ஆணைப் பார்த்து என்னோட வாறியா எண்டு கேட்குது. வேலைத்திறன் அபாரம், அதை மறுக்கேல்ல. ஆனால் ஒருக்கா யோசியுங்கோ. அந்தப் பெண்ணுக்கு நோயைக் கொடுத்தது ஆர்? போஸ்டரில் அவன் இல்லை. ஆயிரக்கணக்கான மைல் கப்பலில் வந்து, ஒரு துறைமுகத்தில் வாங்கினதை அடுத்த துறைமுகத்தில் விட்டுப் போற சிப்பாய் அங்கே எப்பவும் ஏமாந்து போன அப்பாவி.

இது வெறும் கீறல் பிரச்சினை எண்டால் விட்டுவிடலாம். ஒவ்வொரு போஸ்டருக்குப் பின்னாலயும் ஒரு சட்டம் நிண்டது. பிரித்தானிய இராணுவம் சிப்பாய்களின் ஆணுறுப்பை வழமையாகப் பரிசோதிக்கும் முறையை 1859இல் கைவிட்டது. ஆண்களுக்கு அது அவமானமாக இருக்கு, மனவுறுதி குலையுது என்பது காரணம். ஐந்து வருடம் கழித்து, 1864இல், அதே பரிசோதனையைப் பெண்களுக்குக் கட்டாயமாக்கினது தொற்றுநோய்ச் சட்டம். படைமுகாம் நகரங்களில் ஒரு பொலிஸ்காரன் சந்தேகப்பட்டால் போதும். இந்தியாவின் கன்டோன்மென்ட்டுகளிலும் அதே வருடம் அதே ஏற்பாடு வந்தது. நோய் கண்டால் பூட்டு ஆஸ்பத்திரி. பெயரிலேயே பூட்டு இருக்குது. ஜோசபின் பட்லரும் அவரோட நிண்ட பெண்களும் வருடக்கணக்காகப் போராடித்தான் பிரித்தானியாவில் 1886இல் அந்தச் சட்டம் நீங்கியது. பிறகு முதலாம் உலகப்போர் வந்ததும், 1918 மார்ச்சில், நோயுள்ள பெண் படைவீரனோடு உறவு கொள்வதே குற்றம் எண்டு புது ஒழுங்குவிதி. ஆணுக்கு அப்படி ஒரு விதி இல்லை. அமெரிக்காவிலும் அதே வருடம் இயற்றிய சட்டத்தின் துணையோடு ஆயிரக்கணக்கான பெண்களைப் பிடித்து, பரிசோதித்து, அடைத்து வைத்தார்கள். சுவரில் ஒட்டினது அந்தப் பூட்டின் விளம்பரம்.

இதே காலத்தில் ஒரு பெண் வேறு வழி சொன்னார். எட்டி ரவுட், நியூசிலாந்தில் வளர்ந்தவர். சிப்பாய்களுக்கு ஒழுக்கப் பிரசங்கம் வேலை செய்யாது, ஆணுறையும் களிம்பும் கிருமிநாசினியும் அடங்கிய ஒரு சின்னப் பொதியைக் கையில் கொடுங்கோ எண்டார். 1917இல் நியூசிலாந்து இராணுவம் அந்தப் பொதியை எடுத்துக்கொண்டது, விடுமுறையில் போறவனுக்குக் கட்டாயமாகக் கொடுத்தது. நோயும் குறைஞ்சுது. ஆனால் அவருக்குக் கிடைத்த மரியாதை என்ன தெரியுமா? நாட்டுப் பத்திரிகைகளில் அவருடைய பெயரைப் போட்டால் 100 பவுண் தண்டம். பொதி வேணும், அதைச் சொன்ன பெண் வேண்டாம். தொப்பி போட்ட மண்டையோட்டைப் பகிர்கிற ஆட்களில் எத்தனை பேருக்கு இவரைத் தெரியும்?

நுளம்புக்கு வருவம். டொக்டர் சூஸ் எண்ட பெயரில் சின்னப் பிள்ளைகளுக்குப் புத்தகம் எழுதின தியோடர் கைசல், 1943இல் அமெரிக்கப் படையினருக்கான ஒரு மலேரியாக் கைநூலுக்குப் படம் கீறினார். நுளம்புக்கு ஆன் எண்டு பெயர். இரவில் திரிவாள், தாகம் கூடினவள், உங்களைச் சந்திக்கத் துடிக்கிறவள். 1945இல் வந்த படையினர் கார்ட்டூனில் அதே ஆன், தொழிலில் களைத்துப்போன பாலியல் தொழிலாளியாகவே வருகிறாள். "பெண் நுளம்புதானே இரத்தம் குடிக்கும், விஞ்ஞானம்தானே" எண்டு ஒருவர் எங்களோட வாதாடினார். சரி. அனோபிலிஸ் பெண் நுளம்பு முட்டை வைக்க இரத்தம் தேவைப்பட்டுக் கடிக்குது. அதில் தாய்மை தெரியாமல் விபச்சாரம் தெரிஞ்சது விஞ்ஞானத்தின் வேலையா?

அதே கை வேறு என்ன கீறினது எண்டும் பார்க்க வேணும். 1942 பெப்ரவரி 13ஆம் திகதி, நியூயோர்க் பத்திரிகை ஒன்றில் சூஸ் ஒரு கேலிச்சித்திரம் போட்டார். அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளிச் சனம், ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஒரே முகம், வரிசையில் நிண்டு வெடிமருந்து வாங்குது. ஆறு நாள் கழித்து ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட உத்தரவால் ஏறத்தாழ 120,000 பேர் முகாம்களுக்குள் அடைபட்டார்கள். பெரும்பாலானவர்கள் அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர்கள்.

நுளம்புக்கு மனிச முகம் கீறப் பழகின கைக்கு, மனிசரை நுளம்பாகக் கீறக் கனநேரம் எடுக்காது. ஜப்பானியப் பல்லும் கண்ணாடியும் வைத்த மலேரியா நுளம்புகள் அந்தக் காலத்துப் போஸ்டர்களில் தாராளமாகப் பறந்தன. 1945 மார்ச்சில், அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையின் சஞ்சிகையான லெதர்நெக், ஒரு பேனின் படத்தைப் போட்டது. பேனுக்கு ஜப்பானிய முகம், லத்தீன் மாதிரி ஒரு பகிடிப் பெயர். கொள்ளைநோய் முழுதாய் ஒழிய வேணும் எண்டால் டோக்கியோவைச் சுற்றியுள்ள பெருக்கிடங்களை அடியோடு அழிக்க வேணும் எண்டு எழுதியிருந்தது. அந்த மார்ச் மாதம் 9ஆம் திகதி இரவு டோக்கியோவில் போட்ட தீக்குண்டுகளில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் எரிந்தார்கள். கார்ட்டூன்தான் குண்டு போட்டது எண்டு நாங்கள் சொல்லேல்ல. எரிக்கப்படுறது மனிசர் எண்டு ஒருத்தருக்கும் தோன்றாமல் இருக்கிறதுக்கு எவ்வளவு நாள் பயிற்சி தேவைப்பட்டிருக்கும் எண்டுதான் கேட்கிறம்.

போலந்தில் அந்தப் பயிற்சியின் முழு வடிவம் இருந்தது. ஜேர்மன் ஆக்கிரமிப்பில் 1941-42 காலத்தில் ஒட்டிய போஸ்டரில் மூன்றே சொல்: யூதர், பேன், டைபஸ் காய்ச்சல். பக்கத்தில் ஒரு முகம், பேன். சுகாதாரத் திணைக்களத்து அறிவித்தல் மாதிரியே இருக்கும். இந்த டைபஸ் உடுப்பில் வாழும் பேனால் பரவுவது. நெரிசல், பட்டினி, குளிக்கத் தண்ணியும் மாத்த உடுப்பும் இல்லாமை, இந்த மூன்றும் இருந்தால் எந்தச் சனத்துக்கும் வரும். வார்சோவில் அந்த மூன்றையும் உண்டாக்கினது ஆர்? 1940 நவம்பரில் கெட்டோவின் மதிலைப் பூட்டி, நான்கு லட்சத்துக்கு மேற்பட்டவர்களை 3.4 சதுர கிலோமீற்றருக்குள் அடைத்தவர்கள்தான். அடைத்த இடத்துக்கு நோய்த்தடைப் பிரதேசம் எண்டு பலகை வேறு. முதலில் நோயை உண்டாக்கு, பிறகு நோயாளியையே நோய் எண்டு சொல்லு. அந்தப் பாதை எங்கே போய் முடிஞ்சது எண்டு எல்லாருக்கும் தெரியும். குளிக்கப் போறீங்கள் எண்டு சொல்லி அனுப்பின அறையில், உடுப்பில் பேன் கொல்லுறதுக்குப் பாவிச்ச சைக்குளோன் பி. சுகாதாரத்தின் சொற்களும் சாமான்களும் கடைசி வரைக்கும் கூடவே போயின.

இப்ப எதிர்வாதம். கட்டாயம் வரும், வரத்தான் வேணும்: "எல்லாம் சரி, ஆனால் மலேரியாவில் சாகாமல் ஆயிரக்கணக்கானவரைக் காப்பாத்தினதே? மருந்தைப் போடச் சொல்லாமல் விட்டிருக்கலாமா?"

காப்பாத்தினது. ஆனால் காப்பாத்தினது எது? பர்மாப் போர்முனையை எடுப்பம். 1943இல் அங்கே காயத்தோடு பின்னுக்கு அனுப்பின ஒவ்வொரு ஆளுக்கும், நோயோடு அனுப்பினது 120 பேர் எண்டு பதினான்காம் படையின் தளபதி வில்லியம் ஸ்லிம் எழுதியிருக்கிறார். மெப்பக்ரின் குளிசை இருந்தது. அதைப் போட்டால் தோல் மஞ்சளாகும். ஆண்மை போகும் எண்டு கதை வேறு பரவினபடியால் பெடியள் துப்பிப் போட்டார்கள். ஸ்லிம் என்ன செய்தார்? சொல்லாமல் கொள்ளாமல் போய் ஒரு படைப்பிரிவு முழுதையும் பரிசோதித்தார். நூற்றுக்கு 95 பேருக்குக் குறைவாக மருந்து எடுத்திருந்தால், வேலை போறது சிப்பாய்க்கு இல்லை, அந்தப் பிரிவின் கட்டளை அதிகாரிக்கு. மூன்று அதிகாரிகளைத்தான் தூக்க வேண்டி வந்தது, மிச்சப் பேருக்கு விளங்கீட்டுது எண்டு அவரே சொல்கிறார். நோய் வீதம் விழுந்தது.

ஸ்லிம் ஒண்டும் எங்கட ஆள் இல்லை, பேரரசின் ஜெனரல். ஆனால் ஒரு விசயத்தை அவர் சரியாகப் பிடிச்சார்: பழியை மேல்நோக்கி அனுப்பினார். அதே மருந்துக்கு, அட்டப்ரின் எண்ட அமெரிக்கப் பெயரில், போர்ட் மோர்ஸ்பியில் ஒரு இராணுவ ஆஸ்பத்திரிக்கு வெளியே அறிவிப்புப் பலகை இருந்தது. இந்த ஆட்கள் அட்டப்ரின் போடேல்ல எண்டு எழுதி, உண்மையான இரண்டு மண்டையோடுகளை மாட்டி வைத்திருந்தார்கள். இணையத்தில் இதுவும் "செம பகிடி" எண்டு சுத்துது. அவை ஆருடைய தலைகள்? அந்த மண்ணில் அப்போது செத்துக் கிடந்தவர்கள் ஆர் ஆர் எண்டு கொஞ்சம் நினைச்சால் பகிடி தொண்டைக்குள் நிக்கும்.

இராணுவம் சிப்பாயின் உடம்பைப் பராமரிக்கிறது அவனில் உள்ள பாசத்தால் இல்லை. அமெரிக்கத் தரைப்படை மருத்துவப் பிரிவின் குறிக்கோள் வாசகமே போரிடும் வலுவைப் பேணுவது பற்றினது. மறைக்கவே இல்லை, பாவம். துவக்கைத் துடைத்து எண்ணெய் போடுற மாதிரிக் காலைத் துடைத்துத் திமிங்கில எண்ணெய் பூசினார்கள். 1914-15 குளிர்காலத்தில் பிரித்தானியப் படையில் மட்டும் ஏறத்தாழ 20,000 பேருக்குப் பதுங்குகுழிக் கால் வந்தது. நாட்கணக்காகக் குளிர் தண்ணிக்குள் நிண்டால் கால் அழுகும், இதில் மர்மம் ஒண்டும் இல்லை. ஆனாலும் காலைக் கவனிக்காதது ஒழுங்குக் குற்றமாகப் பார்க்கப்பட்டது. தண்ணிக்குள் நிற்பாட்டி வைத்ததுக்கு ஆரும் விசாரிக்கப்படேல்ல.

போஸ்டர் மறைச்சதை ஓவியம் காட்டினது. எல்லா ஓவியமும் இல்லை. சார்ஜன்ட் கீறின, நச்சுவாயுவில் கண் கெட்டவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் கைபிடித்துப் போகும் 6 மீற்றர் நீளப் படம் பிரமாண்டம்தான், ஆனால் எங்களுக்கு அது கொஞ்சம் கோயில் சுவர்ச் சிற்பம் மாதிரி. வலிக்கு மேல் ஒரு பொன் வெளிச்சம்.

ஹென்றி டொங்ஸ் வேறு. சத்திரசிகிச்சை நிபுணராகப் படித்து, பிறகு ஓவிய ஆசிரியரானவர். 1916இல் ஓல்டர்ஷொட்டில், முகம் சிதைந்து வந்த சிப்பாய்களுக்கு ஹரல்ட் கில்லிஸ் சிகிச்சை செய்யச் செய்ய, டொங்ஸ் அவர்களைப் பஸ்டலில் கீறினார். தாடை இல்லாத முகம், மூக்கு இருந்த இடத்தில் ஓட்டை. ஆனால் கண் நேரே எங்களைப் பார்க்கும். அவை பொதுமக்கள் பார்க்கிறதுக்கு இல்லை எண்டு அவரே நினைத்தார், கனகாலம் அவை மருத்துவ ஆவணமாகவே கிடந்தன. பிறகு சிட்கப்பில் இந்தச் சிகிச்சைக்கெனத் தனி ஆஸ்பத்திரி வந்தபோது, வீதியில் சில வாங்குகளுக்கு நீல நிறம் பூசினார்கள். இதில் இருக்கிறவரின் முகம் உங்களைத் திடுக்கிட வைக்கலாம் எண்டு ஊர்ச் சனத்துக்கு முன்னெச்சரிக்கை. படைக்கு ஆள் சேர்க்கிற போஸ்டரில் வந்த சிவந்த கன்னத்துப் பெடியன்தான் நீல வாங்கில் இருந்தவன்.

எங்களுக்குப் பிடிச்சவர் ஸ்டான்லி ஸ்பென்சர். பிரிஸ்டலில், மனநல விடுதியாக இருந்து போர்க்கால ஆஸ்பத்திரியாக மாறின இடத்தில் சிற்றூழியர். பிறகு மசிடோனியா. அங்கே பிரித்தானியப் படையில் மலேரியாவுக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்த எண்ணிக்கை 160,000ஐத் தாண்டினது, சண்டையில் பட்ட இழப்பைப் போலப் பல மடங்கு. 1927 முதல் 1932 வரை பேர்க்ளியர் எண்ட கிராமத்தில் ஒரு சிறு தேவாலயத்தின் சுவர் முழுக்க அவர் கீறினது இதைத்தான். மசிடோனியாவில் பிடித்த நோயால் செத்த ஒருவரின் நினைவாக அவருடைய சகோதரி கட்டுவித்த தேவாலயம் அது. உள்ளே போனால் ஒரு சண்டையும் இல்லை. நிலம் உரஞ்சுகிற ஒருவன். குளிப்புத்தொட்டிகளுக்கு இடையில் பெட்டகம் கழுவுகிற ஒருவன். குளிரில் செத்த தோலைக் காலிலிருந்து பக்குவமாய்ச் சுரண்டி எடுக்கிற ஒருவன். பாணும் ஜாமும் வைத்துத் தேத்தண்ணி நேரம். விடியப்புறம் நுளம்புவலைக்குள் இருந்தபடி உடுப்பு மாத்துகிறவர்கள், வலைக்கு மேல் நுளம்புகள். அந்த நுளம்புகளைப் பாருங்கோ: அவற்றுக்கு முகம் இல்லை. நுளம்பு நுளம்பாகவே இருக்குது. சுகாதாரம் என்பது கட்டளை இல்லாமல், ஒரு உடம்பு இன்னொரு உடம்புக்குச் செய்கிற வேலையாகத் தெரியுது. வீட்டுச் சுவரில் மாட்ட ஆசை எண்டால் இதை மாட்டுங்கோ.

இது எல்லாம் வெள்ளைக்காரன் கதை, எங்களுக்கு என்ன எண்டு கேட்கலாம். சவர்க்காரம் வடக்கில் தட்டுப்பாடான காலத்தில் பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்த கதையை அம்மாமார் இப்பவும் சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லுவினம். சுத்தமும் போரின் பங்கீட்டுச் சாமான்தான் எண்டு எங்களுக்கு ஆரும் படம் கீறி விளங்கப்படுத்தத் தேவையில்லை. 2020ஐ மறக்கவும் ஏலாது. கொரோனாவைத் தடுக்கிற தேசிய மையத்துக்கு இராணுவத் தளபதி தலைமை. எங்கும் "யுத்தம்" எண்ட பேச்சு. யுத்தம் எண்டால் எதிரி வேணுமே. கிருமிக்கு ஒரு தொப்பியும் தாடியும் கீறிப் பேஸ்புக்கில் பரப்பக் கனநாள் எடுக்கேல்ல. புதைக்கலாம் எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லியும், முஸ்லிம்களின் உடல்களை 2021 பெப்ரவரி வரைக்கும் கட்டாயமாக எரித்தார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. எரித்த சாம்பலை ஆர் திருப்பிக் குடுக்கிறது? அந்த நேரம் "சுகாதார ஒழுங்குதானே" எண்டு தலையாட்டின தமிழ் ஆட்களும் எங்கட பக்கத்தில் இருந்தவை. போலந்துப் போஸ்டரை வரலாறு எண்டு மட்டும் பார்க்க எங்களால் ஏலாமல் இருக்கிறது அதனால்தான்.

வேறு மாதிரியும் இங்கே நடந்திருக்கு. 1930களில் ஒவ்வொரு நவம்பர் 11ஆம் திகதியும் போர்வீரர் நினைவாக பொப்பிப் பூ விற்பார்கள், காசின் பெரும்பங்கு பிரித்தானியாவுக்குப் போகும். அதுக்கு எதிராக அதே நாளில் பூவரசம்பூ விற்றது சூரியமல் இயக்கம். 1934-35இல் மலேரியா இந்தத் தீவில் ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்றபோது, அந்த இயக்கத்து இளம் ஆட்கள்தான் கேகாலைப் பக்கக் கிராமங்களுக்குள் குயினைனும் சாப்பாடும் கொண்டு இறங்கினார்கள். போரின் பூவை மறுத்த கைகள்.

பிறகு, 1999இல் இங்கே 264,549 பேருக்கு மலேரியா. 2012 ஒக்டோபருக்குப் பிறகு, 2016 வரை, உள்ளூரில் தொற்றின ஒருவரும் இல்லை. 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. இடையில் இருந்தது என்ன காலம் எண்டு சொல்லத் தேவையில்லை. சண்டை நடந்த பிரதேசங்களிலும் மருந்தடிப்பும் நடமாடும் மலேரியா கிளினிக்கும் முற்றாக நிக்கேல்ல, இரண்டு தரப்பும் அதுக்கு வழி விட்டது. விரல் நுனியில் குத்தி, கண்ணாடித் துண்டில் இரத்தம் எடுத்து, முதுகில் தெளிகருவியைச் சுமந்து வீடு வீடாய்ப் போன மனிசர் செய்த வேலை அது. அந்த நுளம்புக்குச் சிங்கள முகமும் இல்லை, தமிழ் முகமும் இல்லை.

டிசைன் படிக்கிற தம்பி, தங்கச்சிமாருக்கு: அந்த மருந்தடிக்கிற மனிசரில் ஒராளைத் தேடிப் பிடிச்சு, இருந்து கதைச்சு, கீறிப் பாருங்கோ. அனுப்பினால் நாங்கள் போடுறம்.